மாப்பிள்ளையை ஓட்டி வந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது... மாப்பிள்ளையைக் காணோம்!

பல்லடத்துக்கு இந்தப் பக்கம் வேன் பஞ்சராம். சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். பெண்ணின் அப்பா மேல்துண்டால் விசிறிக்கொள்கிறார். ஐயர் கைக்கடிகாரத்தை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார். சமையல்காரர் ஒருவர்தான் எதற்கும் பதறாமல் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருக்கிறார்.

நான் சிரித்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் முறைத்தார். "ஏனுங்க, அடுத்தவங்க ஊட்டுக் கல்யாணம் தடுமாறுனா உங்களுக்குச் சிரிப்பு வருதுங்களா?"

"இல்லீங்க... இதெல்லாம் ஒரு தாமதமுங்களா? நான் மாப்பிள்ளையா இருந்தப்ப..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். மாப்பிள்ளை வந்துவிட்டார். கூட்டம் ஓடியது. என் கதையைக் கேட்க ஆளில்லை.

அதனால் என்ன? உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனியில் சேல்ஸ் ரெப்ரசென்டேட்டிவ். மாமா என்றால் என் தெய்வானை அக்காவின் கணவர். அக்காவை உங்களுக்குத் தெரியும். முன்பொரு வாரம் ஊறுகாய் ஜாடி விவகாரத்தில் இந்தப் பத்தியில் வந்துபோனாளே, அவளேதான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கம்பெனியில் துணி செக்கிங் பார்ப்பாள். பனியன் துணியை இரண்டு கையிலும் பிடித்து ஓர் இழு இழுத்தால் போதும். தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள்.

திருச்செந்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்களிடம் சரக்கு எடுப்பவர். ஆர்டர் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. என்ன சைஸ் வேண்டும் என்று கேட்கப் போனவனின் ஜாதகத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்களும் நெசவுக் குடும்பம், முருகன்தான் எல்லாம். பொருத்தம் பத்துக்கு எட்டு. அவருடைய பெண்ணின் பெயர் செண்பகம்.

எல்லோருக்கும் சம்மதம். ஒருவரைத் தவிர.

அவர் பெண்ணின் பெரியப்பா. ஆறடி உயரம், முறுக்கு மீசை. அந்த வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று எல்லோர் முன்னாலும் கேட்டார்: "திருப்பூரா? அம்புட்டுத் தூரத்துல கொண்டு போயி பிள்ளையத் தள்ளணுமாக்கும்? எந் தங்கச்சி மவன் இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கான்லா?"

உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

எப்படியோ தாம்பூலம் மாற்றினார்கள். கிளம்பும்போது பெரியப்பா என் அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மாப்பிள்ளை அழைப்பு முந்தின நா சாயங்காலம் ஆறு மணின்னா ஆறு மணி. முதல் சடங்குலயே நேரம் தப்புச்சுன்னா, இந்தச் சம்பந்தம் நமக்கு ஆவாதுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுத் தங்கச்சி மகனைப் பார்த்தார். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும்!

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு பெண் ஸ்டியரிங் பிடித்தாள் என்றால் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். மாமா ஆசையாகக் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருவரும் குண்டடம் ரோட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே பார்ப்பதற்கு ஆடுகளும் சோளக்காடும்தான். லைசென்ஸும் வாங்கியாகிவிட்டது. அம்மாவுக்கு இது தெரிந்த நாளில் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"இத பாரு தெய்வான... தம்பி கல்யாணம் முடியற வரைக்கும் நீ அந்தக் காரோட முன் சீட்டுப் பக்கமே போகக் கூடாது. பொண்ணு ஊட்டுக்காரங்க காதுல உளுந்துதுன்னா அந்தப் பெரிய மனுசன் ஒரேயடியாத் தாண்டிக் குதிப்பாரு!"

அக்கா தலையை ஆட்டினாள். ஆனால் பதிலுக்கு ஒன்று கேட்டாள்.

"எல்லாரும் பஸ்ஸுல மதுரை வழியாப் போங்க. நானும் தம்பியும் கார்ல ராம்நாடு வந்து, அங்கிருந்து கடலோரமா வந்தர்றோம். இனி அவன் பொண்டாட்டியோடதான் ஊர் சுத்துவான். எங்கூட எங்க வரப் போறான்? இது ஒண்ணுதான் சான்சு."

அம்மா மறுக்கவில்லை. கார் ஓட்டத்தான் ரங்கசாமி அண்ணன் இருக்கிறாரே! கம்பெனி டிரைவர். பெரும் பொறுமைசாலி. கோழி குறுக்கே வந்தால்கூட அது யோசித்து முடிக்கும் வரை காத்திருப்பார்.

இப்படியாக, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, இரவு தங்கியிருந்த ராமநாதபுரத்திலிருந்து கிளம்பினோம். மாமாவின் பழைய கறுப்புக் கார். டிக்கியில் ஒரு பனியன் மூட்டை. பெண் வீட்டு ஆண்களுக்கு எங்கள் கம்பெனியின் சீர். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாகத் தாள் சுற்றி, பெரியப்பாவுக்கென்றே தைத்த எக்ஸ்ட்ரா லார்ஜ் பனியன்கள்.

கீழக்கரை தாண்டியதும் இடது பக்கம் கடல் வந்து சேர்ந்துகொண்டது. அக்கா பின் சீட்டில் ஜன்னலோரம். புடவைத் தலைப்பு காற்றில் என் முகத்தில் அடிக்கிறது. கடலையைத் தோலுரித்து எனக்கொன்று அவளுக்கொன்று என்று போட்டுக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேய்க் கதை சொன்னதெல்லாம் பேசினோம். சாயல்குடிக்கு முன்னால் காரை நிறுத்தி, முழங்கால் வரை தண்ணீரில் நின்றோம். இருபத்தேழு வயது மாப்பிள்ளையின் மேல் கடல் தண்ணீரை வாரி இறைத்தாள் அக்கா. நானும் இறைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குத் திருச்செந்தூர் போய்விடலாம். என்ன அவசரம்?

சாயல்குடி தாண்டியதும் ரோடு காணாமல் போனது.

ரோடு இருந்தது – மணலுக்கு அடியில். கடற்காற்று இரவோடு இரவாகத் தேரி என்கிற செம்மணல் மேட்டிலிருந்து மணலை அள்ளிக் கொட்டியிருந்தது. கார் அதில் இறங்கியது, உறுமியது, அணைந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. ரங்கசாமி அண்ணன் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை எடுத்து முன்னால் சொருகி ஒரு சுற்றுச் சுற்றினார்.

அந்தக் காலத்துக் கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். சில நேரம் ஹேண்டில் திருப்பி அடிக்கும். அடித்தது!

"அய்யோ அம்மிணி..." என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வீங்கியது. எலும்பில் அடி.

நான் சுற்றிலும் பார்த்தேன். பனைமரம், மணல், கடல். மறுபடி பனைமரம். பஸ் வருமா? மணல் ஏறிவிட்டால் இரண்டு நாளைக்கு வராது என்றார் பனையிலிருந்து இறங்கி வந்த ஒருவர்.

என் மனக்கண்ணில் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான்.

அக்கா மூட்டையிலிருந்து ஒரு பனியனை எடுத்துக் கிழித்தாள். ரங்கசாமி அண்ணனின் கையைப் பனைமட்டையோடு வைத்துக் கட்டி, கழுத்தில் தூளி மாதிரி மாட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். கொசுவத்தை இழுத்துச் செருகினாள். முன் கதவைத் திறந்தாள்.

"அக்கா! அம்மா சொன்னாங்களே..."

"அம்மா சொன்னது ரங்கசாமி அண்ணனுக்குக் கை நல்லா இருந்தப்பக் கண்ணு. ஏறு."

பனையேறிகள் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். காய்ந்த பனையோலையை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் பாய் விரித்த மாதிரி போட்டார்கள். ஒருவர் பயப்படாமல் ஹேண்டில் போட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நாங்கள் தள்ள, அக்கா ஓட்ட... ஓலை நொறுங்குகிற சத்தம், மணல் என் வாயெல்லாம். கார் ஓர் உதறு உதறி மேலே ஏறியது.

அடுத்த மணல்மேட்டுக்கும் அதே ஓலை. அதற்கடுத்ததற்கும். அந்தப் பெண்கள் ஓலையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். ஸ்டியரிங்கில் ஒரு பெண் என்பதில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்! "விடாதீக அக்கா... அமுக்குங்க!" என்று கத்தினார்கள். எதை அமுக்கச் சொன்னார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அக்கா எதையோ சரியாக அமுக்கினாள்.

கெட்டி ரோடு வந்ததும் நிறுத்தி, தள்ளியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பனியன் கொடுத்தாள். பெண் வீட்டுச் சீர் கரைய ஆரம்பித்தது.

வேம்பார் தாண்டினோம். மணி இரண்டு. அக்கா இப்போது ஹம்மிங் செய்துகொண்டே ஓட்டினாள். போய்விடலாம்... போய்விடலாம் என்று நான் நினைத்த நேரத்தில், பானெட்டுக்குள் சாட்டையடி மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டரிலிருந்து ஆவி.

ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது.

"வேற பெல்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். ரங்கசாமி அண்ணன் தூளிக் கையோடு தலையை ஆட்டினார். "தூத்துக்குடியிலதானுங்க கிடைக்கும்."

நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன்.  அந்த வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருந்தும், செண்பகத்தை நான் நிச்சயதார்த்தத்தில் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன். காபி டம்ளரை வைத்துவிட்டு நிமிரும்போது, அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏன் சிரித்தாள் என்று கேட்க வேண்டும் என்று மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன். இனி வெள்ளைச் சட்டைக்காரன்தான் கேட்பான் போலிருக்கிறதே!

"அழுவறயாடா?"

"இல்லக்கா... மணல்."

அக்கா அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டிக்கிக்குப் போனாள். ஒரு பனியனை எடுத்து இழுத்தாள். தூக்கிப் போட்டாள். இன்னொன்று. அதுவும் வேண்டாம். கடைசியில் அந்தத் தாள் சுற்றிய கட்டைப் பிரித்தாள்.

"அக்கா! அது பெரியப்பாவுக்கு!"

"இதுதான் நீளம் வரும். நூலும் நல்ல நூலு."

உடம்புப் பகுதியை ஒரே நாடாவாகச் சுற்றிக் கிழித்தாள். நானும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். கயிறு மாதிரி ஆனதும் ஃபேனைச் சுற்றும் புல்லிச் சக்கரங்களில் மாட்டி, காலை பம்பரில் ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். உப்பளத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் குடத்தில் மிச்சமிருந்த குடிதண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார்கள். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் எவ்வளவு அரிது என்று எங்களுக்குத் தெரியும். அக்கா அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஸ்டார்ட் செய்தோம். ஃபேன் சுற்றியது!

முடிச்சு தளரும், நிறுத்துவோம், அக்கா இழுத்துக் கட்டுவாள், போவோம். தூத்துக்குடி வந்தது. கடையைத் தேடி நிற்க நேரமில்லை. ரங்கசாமி அண்ணனை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடலாம் என்றால் அவர் இறங்கமாட்டேன் என்கிறார். "தம்பி மாப்பிள்ளை அழைப்பப் பாக்காம நான் எங்கீங்க இறங்கறது? கை எங்கீங்க ஓடியா போகுது?"

ஆறுமுகநேரி தாண்டும்போது ஆறு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது. அக்கா காரை ஓரங்கட்டினாள். இன்ஜினை நிறுத்தவில்லை.

"தம்பி... இங்கயே ஒரு டாக்சி டிரைவரப் புடிச்சு ஓட்டச் சொன்னா நான் பின்னால உக்காந்துக்கறேன். யாருக்கும் தெரியாது. உன்ற கல்யாணம். நீ சொல்லு."

எதிரே டீக்கடை வாசலில் இரண்டு டாக்சிகள் நின்றன. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

அக்காவைப் பார்த்தேன். முகத்தில் கரி. தலையில் மணல். உள்ளங்கையில் கொப்புளம். காலை இட்லிக்குப் பிறகு ஒருவாய்ச் சோறு இல்லை. இவளைப் பின் சீட்டில் ஒளித்து வைத்துவிட்டு நான் மாப்பிள்ளையாக இறங்குவதா? அப்படிப் போய்த்தான் அந்த வீட்டில் பெண் எடுக்க வேண்டுமா?

நான் பின் சீட்டிலிருந்து இறங்கினேன். முன் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீயே ஓட்டுக்கா. வாசல் வரைக்கும் ஓட்டு."

அவள் கியரை மாற்றினாள். கண் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. மணலாக இருக்கும்.

ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கல்யாண வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தோம். நாதஸ்வரக்காரர் காரைப் பார்த்து உற்சாகமாக ஆரம்பித்தார். கார் நெருங்கியது. ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்தார். வாசிப்பு அப்படியே நின்றது. தவில்காரர் மட்டும் கவனிக்காமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவரும் நிறுத்தினார்.

 அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். மனைவியைக் கட்டிக்கொள்வார் என்று பார்த்தால்... நாலு டயரையும் குனிந்து பார்த்தார்! அக்கா பார்த்த பார்வையில் சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

பெரியப்பா மெதுவாக நடந்து வந்தார். மீசை துடித்தது.

"எங்கேருந்து ஓட்டிட்டு வாறீய?"

"சாயல்குடியிலிருந்துங்க," என்றாள் அக்கா. இறங்கி நின்று, தலைப்பை இழுத்துப் போர்த்தி, கைகூப்பினாள். "டிரைவருக்குக் கையில அடி பட்டுருச்சுங்க. நேரத்துக்கு வரோணுமில்லீங்களா? அதனால நானே ஓட்டிட்டு வந்துட்டனுங்க."

"அந்த மணல்லயா?"

"ஆமாங்க."

பானெட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவரே திறந்தார். குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது என்னது? பெல்ட் கணக்காத் தெரியலியே?"

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அக்கா மட்டும் நேராகப் பார்த்துச் சொன்னாள்: "பனியனுங்க. உங்களுக்குன்னு கொண்டுவந்த பனியனுங்க. அதுதான் தாங்குச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அப்புறம் அந்த ஆறடி உடம்பும் குலுங்கச் சிரித்தார் பாருங்கள்... கோயில் புறாக்கள் பறந்திருக்கும்!

"ஏலே, எல்லாரும் கேளுங்க! எனக்குக் கொண்டாந்த பனியந்தாம்லே மாப்பிள்ளைய இழுத்துட்டு வந்துருக்கு! இனி இந்தச் சம்பந்தத்துக்கு எவன் என்ன சொல்லுவான்?"

நாதஸ்வரக்காரர் மறுபடி எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை அழைப்புக்காக ஒரு திறந்த காரைப் பூவால் ஜோடித்து, டிரைவரோடு தயாராக வைத்திருந்தார்கள். நான் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். பெரியப்பா கையைக் காட்டி டிரைவரை இறங்கச் சொன்னார்.

"இம்புட்டுத் தூரம் கொண்டாந்து சேத்தவளுக்கு, இந்த நாலு தெரு தெரியாதாக்கும்? அந்தப் பிள்ளையே ஓட்டட்டும்."

அக்கா ஓட்டினாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் கொப்புளம். முன்னால் தவில், பின்னால் பந்தம். திருச்செந்தூர்த் தெருக்களில் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். ஒரு வீட்டில் நாலைந்து பெண்கள் படியில் ஏறி நின்று கைதட்டினார்கள். நான் மாலையும் கழுத்துமாக இரண்டு பக்கமும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனேன். ஒருத்தர் திரும்பிப் பார்க்கவேண்டுமே!

அம்மா காரின் பக்கத்திலேயே நடந்து வந்தாள். யாரோ, "ஓட்டுறது யாரு?" என்று கேட்டார்கள். "எம் பொண்ணுங்க... எம் பொண்ணுங்க!" என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

மறுநாள் காலை முகூர்த்தம். நான் முதல் முடிச்சுப் போட்டேன். அடுத்த இரண்டும் நாத்தனார் முடிச்சு. அக்கா குனிந்து போட்டாள். என்ன தேய்த்தும் போகாத கிரீஸ் அவள் நகக்கண்ணில் இருந்தது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த செண்பகம் அதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கெட்டிமேளச் சத்தத்துக்கு நடுவே என் மனைவி முதன்முதலாக வாய் திறந்து பேசினாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

"மதினி, எனக்கும் சொல்லித் தருவீயளா?"

இன்று எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டத் தெரியாத ஒரே ஆள், இந்தப் பத்தியை எழுதுகிறவர்தான்!